முதலியார் பெட்டிகளின் காவல்காரி

மஞ்சக்கல் தோட்டத்தில் வேலாயியிடம் அடி வாங்காதவர்கள் சொற்பம். அவளை அடிக்காதவர்களும் சொற்பம்தான். இரண்டு தரப்பாரையும் விசாரித்தால் ஒரே பதில்தான் வரும்: தங்கமான பொம்பளை, கைதான் வாயை முந்திக்கொண்டு பேசும்.

அவளுடைய வாழ்க்கையைச் சொல்ல வேண்டுமென்றால், அவள் பிறப்பதற்கு முன்பே செத்துப்போன ஒரு பெரிய மனிதரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். ஆதிமூல முதலியார் போன நூற்றாண்டின் பேர்போன வழக்கறிஞர். சட்டநிரூபண சபையில் அங்கத்தவர். நாட்டை ஆண்ட வெள்ளைக்காரத் தேசாதிபதிகளோடு ஒரே மேசையில் விருந்துண்டு, மறுநாள் அவர்களையே எதிர்த்துப் பேசியவர். தோட்டத்துக் கூலிகளைப் பிரம்பால் அடிப்பது காட்டுமிராண்டித்தனம் என்று அவர் சபையில் பேசிய பேச்சு, மதியச் சாப்பாட்டைத் தாண்டிப் போனதாம். அந்த வருஷத்து வழக்குக் கூலியில்தான் ஹட்டனுக்கு அப்பால் மஞ்சக்கல் தோட்டத்தை வாங்கினார். அந்தத் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில், காலையில் ஆள் எண்ணுகிற இடத்தில், அவர் கண்மூடும் வரைக்கும் ஒரு பிரம்பு தொங்கியது. கங்காணி அதைத் தினம் எண்ணெய் தடவி வைத்திருந்தான். பேச்சும் உண்மை, பிரம்பும் உண்மை. ஒன்றை மற்றது தொந்தரவு செய்ததாகத் தெரியவில்லை.

முதலியார் போன பிறகு அவருடைய கடிதங்கள், பேச்சுக் குறிப்புகள், வழக்குக் கட்டுகள் எல்லாவற்றையும் தகரப் பெட்டிகளில் அடைத்து மலைக்கு அனுப்பினார்கள். கொழும்பில் கறையான் தின்றுவிடும், குளிரில் தின்னாது என்று கணக்கு. பெட்டிகள் பழைய காப்பி ஸ்டோரில், காப்பிச் செடிகள் நோயில் செத்துப்போன காலத்திலிருந்து எதற்கும் உதவாமல் நின்ற கட்டடத்தில், அடுக்கப்பட்டன. அப்புறம் ஐம்பது வருஷம் யாரும் அவற்றை நினைக்கவில்லை.

வேலாயி கொழுந்து பறிக்கிறவள். புருஷன் மூக்கன் கவ்வாத்துக்காரன். செடி வெட்டும் கத்தியை அவன் கையில் பார்த்தால் செடியே ஒதுங்கும் என்று பேச்சு. வீட்டிலும் அவன் கை சும்மா இருக்காது. வேலாயியின் இடது காது அவன் அடித்த அடியில்தான் மந்தமானது. அவளும் விறகுக் கட்டையால் அவனுடைய முன்பல்லில் ஒன்றைக் கழற்றியிருந்தாள். தோட்டத்து லயம் ஒற்றையறைக் காம்பராக்களின் வரிசை; சுவர் மெல்லியது. இரண்டு பக்கத்துக் காம்பராக்காரர்களும் தங்கள் பிள்ளைகளை அந்தச் சத்தத்தில் தூங்கப் பழக்கியிருந்தார்கள்.

ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பதில் ஒரு நாள், கொழுந்து நிறுக்கிற இடத்தில் பெரிய கங்காணியின் மருமகன் வேலாயியின் கூடையைக் காலால் தள்ளினான். அவள் தராசுத் தட்டைப் பிடுங்கி அவன் முகத்தில் அறைந்தாள். ஓடிவந்த மூக்கன் மிச்சத்தை முடித்து வைத்தான். தாடை எலும்பு இரண்டு துண்டு. ஒரு பொம்பளையிடம் அடி வாங்கியதாகப் பொலிசில் எழுதிக் கொடுக்க மருமகனுக்கு மனசு வரவில்லை. ஆகவே முழு அடியும் மூக்கன் கணக்கில் ஏறியது. தோட்டத்தில் புருஷனுக்குப் பேர் வெட்டினால், வேலைப் பதிவிலிருந்து எடுத்துவிட்டால், பெண்சாதிக்கும் வெட்டுவார்கள். பேர் வெட்டினால் காம்பராவும் போகும்.

அது வெறும் காம்பரா போகிற காலமும் அல்ல. இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் ஒரு சட்டம் வந்து, மலையில் பிறந்தவர்களில் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் இல்லாதவர்கள் ஆக்கியிருந்தது. தோட்டத்தில் இடமில்லாதவனுக்கு இந்தியாவுக்குப் போகிற போட் மெயில் ரயிலும் கப்பலும்தான் மிச்சம். வேலாயி பிறந்தது கீழ் லயத்தில். அவள் பார்த்த ஒரே கடல் காலண்டர் படத்தில் இருந்தது. அங்கே எங்கே போய் யார் வாசலில் நிற்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்த வாரமே முதலியாரின் பேரன் ஞானசேகரம் கொழும்பிலிருந்து வந்தார். அவரும் வழக்கறிஞர். தாத்தாவின் வரலாற்றை எழுதப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். காப்பி ஸ்டோரைத் திறந்து பார்த்தால், ஒரு பெட்டியைக் காணோம். அது மேல் லயத்தில் ஒரு வீட்டில் அரிசிப் பெட்டியாக இருந்தது. உள்ளே இருந்த காகிதம் அடுப்பு பற்றவைக்கப் போய்விட்டது. எல்லாரும் பயப்படுகிற ஓர் ஆள் காவலுக்கு வேண்டும் என்றார் அவர். கணக்கப்பிள்ளை முத்துலிங்கம் தலையைச் சொறிந்தார். ஆள் இருக்கான், ஆனால் நேற்றுத்தான் பேர் வெட்டினோம் என்றார்.

மறுநாள் காலையில், பெரட்டுக்களத்தில் எல்லாரும் நிற்க, ஞானசேகரம் மூக்கனையும் வேலாயியையும் முன்னால் கூப்பிட்டார். "இந்தப் பெட்டிகள் இங்கே இருக்கும் வரைக்கும் ஸ்டோர் மூலையில் இருக்கிற அறை உங்களுக்கு. ஒன்று குறைஞ்சாலும் அன்றைக்கே வெளியே."

ஸ்டோர் அறை லயத்துக் காம்பராவைவிடப் பெரிது. ஒரு சன்னலும் உண்டு. வேலாயி அன்று சாயங்காலமே பெட்டிகளைத் துடைத்து, எண்ணி, ஒவ்வொன்றையும் கையால் அசைத்துப் பார்த்தாள். உள்ளே இருப்பது என்னவென்று அவள் கேட்கவில்லை. அவளுக்கு அது முக்கியமில்லை.

தோட்டத்துக்கு முக்கியமாக இருந்தது. காரணம் காமன் கூத்து. மாசி மாதத்தில் பொட்டலில் கம்பம் நட்டு, ரதி மன்மதன் வேஷம் கட்டி ஆடி, கடைசி நாளில் சிவனுடைய நெற்றிக்கண்ணால் மன்மதனை எரிப்பார்கள். எரித்த கையோடு வழக்கு ஆரம்பமாகும். மேல் லயத்தார் எரிந்த கட்சி: மன்மதன் வெந்து சாம்பலாகிவிட்டான், கதை முடிந்தது. கீழ் லயத்தார் எரியாத கட்சி: வெந்தது உடம்புதான், ரதி அழுததும் உயிர் திரும்பிவிட்டது; இல்லையென்றால் இந்தக் குளிரில் இளவட்டங்கள் தேயிலை மறைவில் யாருடைய வேலையைச் செய்கிறார்கள் என்று கேட்பார்கள். கட்சி பிறப்பிலேயே வருவது, மாற்ற முடியாது. பாட்டுக்குப் பாட்டாக வாதம் நடக்கும். பாட்டு தீர்ந்தால் தடி.

முதலியார் ஒரு தரம் மாசியில் தோட்டத்துக்கு வந்தாராம். பொட்டலில் நாற்காலி போட்டு இரு தரப்பு வாதத்தையும் கேட்டு, வழக்கறிஞர் பழக்கத்தில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாராம். தீர்ப்பை எழுதித் தருகிறேன் என்று சொல்லிக் கொழும்புக்குப் போனவர் திரும்பி வரவே இல்லை. எழுதினது பெட்டிக்குள் இருக்கிறது என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. அது தங்கள் பக்கம்தான் என்பதிலும் இரு கட்சிக்கும் சந்தேகமில்லை. ஆனால் பெட்டியைத் திறக்கலாமா என்று இரண்டு தலைமுறையில் ஒருவரும் கேட்டதில்லை. அவ்வளவு நம்பிக்கை உள்ளவர்கள் தீர்ப்பைப் பார்க்க அவ்வளவு அஞ்சியதை முதலியார் தன் அனுபவத்தில்கூடக் கண்டிருக்க மாட்டார்.

ஐம்பத்தேழாம் வருஷம் தோட்டத்தில் இரண்டாவது தொழிற்சங்கம் வந்தது. மேல் லயம் ஒரு சங்கம், கீழ் லயம் மற்றது. ஒரு வேலைநிறுத்தம் பாதியில் முறிந்து, யார் முறித்தது என்று இரு பக்கமும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் மாசி பிறந்தது. மேல் லயத்துத் தலைவர் செல்லசாமி, இந்த வருஷம் காமனோடு முதலியார் பெட்டிகளும் எரியும் என்று அறிவித்தார். தீர்ப்பே எரிந்துபோனால் எந்தக் கட்சி ஜெயித்தது என்று கேட்கவே வேண்டியதில்லை என்பது அவருடைய வாதம். சட்டம் படித்தவர்கள் இதைவிட மோசமாக வாதாடி நான் கேட்டிருக்கிறேன்.

கடைசி நாள் பொழுது சாய்கிற வேளை. மூடுபனி இறங்கியிருந்தது. மண்ணெண்ணெய்ப் போத்தலும் பந்தமும் தடியுமாக மேல் லயத்து ஆட்கள் ஸ்டோர் வாசலுக்கு வந்தார்கள். மூக்கன் கதவுக்கு வெளியே அலவாங்கை, மண் தோண்டுகிற இரும்புக் கம்பியை, பிடித்துக்கொண்டு நின்றான். வேலாயி உள்ளே அடுப்பில் கஞ்சி வைத்திருந்தாள்.

செல்லசாமி மரியாதையாகத்தான் பேசினார். "மூக்கா, ஒனக்கும் எனக்கும் பகையில்ல. தள்ளி நில்லு. காகிதத்துக்காகச் சாகாத."

"காகிதம் யாருக்கு வேணும்? வாசப்படியத் தாண்டிப் பாரு."

ஒருவன் தாண்டினான். அலவாங்கு அவன் தோள் எலும்பில் விழுந்த சத்தம், பச்சை மரம் முறிவதுபோல இருந்தது என்று வேலாயி பிற்பாடு சொன்னாள். அதற்கப்புறம் யார் யாரை அடித்தார்கள் என்று சொல்ல முடியாது. ஒரு கத்தி மூக்கனுடைய நெற்றியைப் பிளந்தது. இரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. அவன் குருடன் மாதிரி வீசிக்கொண்டே இருந்தான். இரண்டு பேர் அவனைச் சுவரோடு நெருக்கினார்கள். வேலாயி கொதிக்கிற கஞ்சிப் பானையை அடுப்பிலிருந்து கையால் தூக்கி வந்து செல்லசாமியின் நெஞ்சில் கவிழ்த்தாள். அவளுடைய உள்ளங்கைத் தோல் பானையோடு போயிற்று. செல்லசாமி போட்ட சத்தம் பொட்டலில் தப்பு மேளம் அடித்துக்கொண்டிருந்தவர்களை நிறுத்தியது. தலைவரைத் தூக்கிக்கொண்டு மேல் லயத்தார் பின்வாங்கினார்கள். ஒரு பந்தம் வாசலில் விழுந்து, ஈரத்தில் தானாக அணைந்தது.

அவ்வளவில் முடிந்திருக்கலாம். உள்ளேயிருந்து தகரம் உரசும் சத்தம் கேட்டது.

பின்பக்கச் சன்னலைக் கழற்றிக்கொண்டு ஒருவன் இறங்கியிருந்தான். வேலாயியின் தம்பி அழகன். கீழ் லயத்தான், எரியாத கட்சி. சண்டை நேரத்தில் தீர்ப்பைத் தங்கள் பக்கம் பத்திரப்படுத்த அவனுடைய கட்சியார் அவனை அனுப்பியிருந்தார்கள். உதவிக்கு வர வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. ஒரு பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு சன்னல் பக்கம் போனான்.

மூக்கன் தள்ளாடிக்கொண்டு உள்ளே வந்தான்.

"மச்சான், நாந்தான். அழகன். நம்ம கச்சிக்குத்தான் எடுக்குறேன்."

"எந்தக் கச்சியா இருந்தா என்னடா. எறக்கி வை."

"ஒண்ணுதான மச்சான்."

அலவாங்கு அவன் பின்மண்டையில் இறங்கியது. பெட்டி முதலில் விழுந்தது, பிறகு அவன். வேலாயி போய்த் தம்பியின் தலையைப் பிடித்தாள். தோல் போன உள்ளங்கைக்குள் தலை பல இடங்களில் அமுங்கியது. மூக்கன் தரையில் உட்கார்ந்து, சட்டையால் கண்ணைத் துடைத்துவிட்டுப் பெட்டிகளை எண்ணத் தொடங்கினான். ஒன்றும் குறையவில்லை.

பொலிசு வருவதற்குள் வேலாயி யோசித்து முடித்திருந்தாள். மூக்கனைத் தூக்கில் போட்டால் காவலும் இல்லை, அறையும் இல்லை. தம்பி எப்படியும் திரும்பப் போவதில்லை. யாரும் எதுவும் பேசவில்லை, இரத்தம் கண்ணை மறைத்திருந்தது, ஆள் யாரென்று மூக்கனுக்குத் தெரியாது என்றாள். கண்டிக் கோட்டிலும் அதையேதான் சொன்னாள். அரச தரப்பு வழக்கறிஞர் அவளை முன்னாலும் பின்னாலும் குறுக்குக் கேள்வி கேட்டுப் பார்த்தார். குறுக்கு விசாரணையால் பேர் வாங்கிய முதலியாரே எழுந்து வந்திருந்தாலும் பலனிருந்திருக்காது. வேண்டுமென்று செய்த கொலை அல்ல என்று தீர்ந்து, மூக்கனுக்கு ஏழு வருஷம்.

அழகனுடைய பெண்சாதி பூரணி ஒரு வார்த்தையும் நம்பவில்லை. பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க வந்த வேலாயியை அவள் பித்தளைக் குடத்தால் முகத்தில் அடித்தாள், விழுந்தவளை மயிரைப் பிடித்துப் பாறையில் மோதினாள், தோளைக் கடித்தாள். பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் பின்னால் நகர்ந்தார்கள், வேலாயி எழுந்தால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். வேலாயி எழுந்து, வாயிலிருந்த இரத்தத்தைத் துப்பி, பூரணியின் குடத்தை நிறைத்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் குடத்தோடு போய்விட்டாள். அவள் வாங்கிய அடியைத் திருப்பிக் கொடுக்காத முதல் சந்தர்ப்பம் அது.

காவல்காரன் சிறைக்குப் போனான், ஆகவே அறையைக் காலி செய் என்று சொல்லக் கணக்கப்பிள்ளை முத்துலிங்கம் வந்தார். பெட்டி இருக்குது, எண்ணிப் பாருங்க என்றாள். பொம்பளைக்கெல்லாம் காவல் வேலை கொடுக்கிற வழக்கம் இல்லை என்று சொல்லி அவர் பூட்டை எடுத்தார். அலவாங்கு அவருடைய முழங்காலுக்குக் கீழே தொட்டது. அவர் அதற்குப் பிறகு கொஞ்சம் சாய்ந்துதான் நடந்தார். விஷயத்தைக் கொழும்புக்கு எழுதினார். இதைவிட நல்ல காவல் எங்கே கிடைக்கும், அப்படியே இருக்கட்டும் என்று ஞானசேகரம் சிரிப்போடு பதில் எழுதியதாகக் கேள்வி. சிரிப்பை எழுத்தில் எப்படிக் கண்டார்களோ.

நன்னடத்தைக் கழிவு போக, மூக்கன் அறுபத்திரண்டில் திரும்பி வந்தான். நன்னடத்தை என்ற சொல் அவனோடு சேர்ந்து உச்சரிக்கப்பட்டது அதுவே முதல் தரம். ஆள் பாதியாகியிருந்தான். கதவு அடித்தால் திடுக்கிட்டான். வேலாயியை அடிக்கக் கையைத் தூக்கவே இல்லை. அவளுக்கு அதில் நிம்மதி வந்ததா என்றால் அதுவும் இல்லை. அவள்தான் அவனை அடித்தாள். சோற்றில் உப்பு கேட்டாலும் அடித்தாள், கேட்காவிட்டாலும் அடித்தாள். ஒரு நாள் அவன் கேட்டான்:

"அழகன் பேசுனத நீ ஏன் கோட்டுல சொல்லல?"

"பேசுனானா?"

"மச்சான்னு கூப்புட்டானே."

அவள் கையில் இருந்த அகப்பையால் அவன் வாயில் அடித்தாள். பல் இன்னொன்று போயிற்று. பிறகு அதைப் பற்றி அவன் பேசவில்லை.

அறுபத்துநாலாம் வருஷக் கடைசியில், இரண்டு நாட்டுப் பிரதமர்கள் எத்தனை பேரைக் கப்பலேற்றுவது என்று கையெழுத்துப் போட்டு முடித்திருந்த மாதத்தில், ஞானசேகரம் ராசிக்கின் லொறியில் வந்து இறங்கினார். ராசிக் ஹட்டனில் லொறி வைத்திருந்தவர். இரண்டு சுமைகாரர்களையும் கூட்டி வந்திருந்தார். தோட்டத்தை ஒரு கம்பெனிக்கு விற்றாகிவிட்டது, ஸ்டோரை இடிக்கப் போகிறார்கள், தாத்தாவின் காகிதங்கள் கொழும்புக்குப் போகின்றன என்று ஞானசேகரம் விளக்கினார். இவ்வளவு காலம் காத்ததற்கு நன்றி என்றும் சொன்னார். நன்றி சொல்லும்போது தொப்பியைக்கூடக் கழற்றினார்.

வேலாயி வாசலில் நின்றாள். மூக்கன் சுவரோரம் குந்தி, "ஐயா சாமான ஐயா எடுக்குறாரு, விடு புள்ள" என்றான்.

"பெட்டி இருக்குற வரைக்கும் அறை எங்களுதுன்னு தொரை சொன்னீங்க. பெட்டி இங்கதான இருக்கு?"

"அது வாய்ப் பேச்சு, அம்மா. உறுதி எழுதினதில்லையே. சட்டத்தில அதுக்கு இடமில்லை."

முதல் சுமைகாரன் படியில் கால் வைத்தான். அலவாங்கு அவன் முன்கையை உடைத்தது. அடுத்தவன் லொறிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். ஞானசேகரம், என்ன இது, என்ன இது என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் கேட்டுக்கொண்டு முன்னால் வந்தார். இரும்பு அவர் தொடையில் பட்டது. அவர் வாசலோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்தார். அடித்துவிட்டு அவள் காத்திருந்தாள்.

ராசிக் லொறியை விட்டு இறங்கவில்லை. "தொரை, நான் லொறிக்குத்தான் கூலி பேசினேன். உசிரு போய் மௌத்தாகப் பேசல்ல."

இரண்டு லயத்து ஆட்களும் வந்து சேர்ந்தார்கள். செல்லசாமி சட்டை போடாத காலத்தில் நெஞ்சுத் தழும்பு தெரியும். அன்று சட்டை போட்டிருந்தார். எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். தொரை பெரட்டுக்களத்தில் சொன்னதை நான் என் காதால் கேட்டேன் என்றார் அவர். கீழ் லயத்தாரும் கேட்டோம் என்றார்கள். அந்தத் தோட்டத்தில் இரு கட்சியும் ஒரே சாட்சியம் சொன்னது அதுவே முதல் தடவை. அதுவும் வேலாயிமேல் உள்ள அன்பினால் என்று நினைக்க வேண்டாம். பெட்டிகள் கொழும்புக்குப் போனால் அங்கே யாராவது படித்துவிடுவார்கள்.

ஞானசேகரம் கானுக்குள் உட்கார்ந்தபடியே யோசித்தார். வழக்குப் போடலாம். பிரம்படியை எதிர்த்தவருடைய பேரன் ஒரு கூலிக்காரப் பொம்பளையிடம் அடி வாங்கியதைப் பத்திரிகைகள் எழுதும். அது தாத்தாவின் வரலாற்றுக்கு நல்ல முன்னுரை அல்ல. ஒரு பெட்டியை விட்டுப் போகிறேன், ஒன்று இருந்தாலும் இருப்பதுதான், இந்த மூலை அறையை மட்டும் இடிக்க வேண்டாமென்று கம்பெனியிடம் சொல்கிறேன் என்றார். எந்தப் பெட்டி என்று அவளையே தேர்ந்துகொள்ளச் சொன்னார். அவள் ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்து, ஆகக் கனமானதைக் காட்டினாள்.

கொழும்புக்குப் போன பெட்டிகளைக் குடைந்து பார்த்தார்களாம். காமனைப் பற்றி ஒரு வரியும் அகப்படவில்லையாம். அப்படியென்றால் தீர்ப்பு வேலாயியின் பெட்டியில்தான் என்று தோட்டம் முடிவு செய்தது. அறையில் கைவைக்கக் கூடாது என்று இரண்டு சங்கமும் சேர்ந்து புதுக் கம்பெனிக்கு மனுக் கொடுத்தன.

பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டுமென்று யாரும் வரவில்லை. பூரணி மட்டும் வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயிலோடு. ஏழெட்டு வருஷமாக அந்த வாசலை மிதிக்காதவள். மூக்கன் அவளைப் பார்த்ததும் எழுந்து மூலைக்குப் போனான்.

"பெட்டியத் தொற. என் புருசன் எதுக்குச் செத்தான்னு பாக்கணும்."

வேலாயியிடம் சாவி என்று எதுவும் என்றைக்கும் இருந்ததில்லை. வேலாயி அலவாங்கை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். பூரணி பூட்டை அடித்தாள். துரு உதிர்ந்தது. மறுபடி அடித்தாள், மூடி மடங்கிக்கொண்டு திறந்தது. உள்ளே சிவப்பு நாடா கட்டிய கட்டுகள். இங்கிலீசு எழுத்து, அச்சடித்ததும் கையால் எழுதினதும். இருவரும் எட்டிப் பார்த்தார்கள். இருவருக்கும் எந்த எழுத்தும் தெரியாது. பூரணி ஒரு கட்டை எடுத்து முகர்ந்தாள், புரட்டினாள், கீழே போட்டாள்.

"இதுக்கா?"

"இதுக்கில்ல பூரணி. காம்பராவுக்கு."

"அவன் பேசுனானா?"

வேலாயி கோட்டில் ஒரு தரமும் கீழே இறக்காத கண்ணை இப்போது இறக்கினாள்.

"பேசுனான். நாந்தான், அழகன்னு சொன்னான்."

பூரணி அலவாங்கைத் தூக்கினாள். வேலாயி நகரவில்லை. மூக்கன் மூலையிலிருந்து எழுந்தான்; "நீ உக்காரு" என்றாள் அவனிடம். இரும்பு அவள் வலது தோளில் இறங்கியது, எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. பூரணி அதைப் பார்த்தாள். இரண்டாம் தரம் ஓங்கிய கையை ஓங்கியபடியே வெகுநேரம் வைத்திருந்தாள். பிறகு இரும்பைப் பெட்டிக்குள் காகிதத்தின்மேல் போட்டுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழ் லயத்துப் பாதையில் இறங்கிப் போனாள்.

ஆஸ்பத்திரியில் தோளை ஒட்டவைத்தார்கள். வலது கை அப்புறம் இடுப்புக்கு மேலே எழும்பவில்லை. வேலாயி இடது கையால் சமைக்கப் பழகினாள். மூக்கன் விறகு பிளந்து கொடுத்தான். பெட்டியின் மூடி மடங்கியே கிடந்தது. மழைக்காலத்தில் கூரை ஒழுகுகிற இடத்திலிருந்து அதை இருவருமாகத் தள்ளி நகர்த்துவார்கள்.